காலேஜில் சைக்காலஜி 101 (உளவியல் அறிமுகப் பாடம்) எடுத்தவர்கள் உண்டா? உங்கள் கதையைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். அமெரிக்கா வந்து ஏழு வருஷம். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்குத் தருவது) வீட்டில் இருந்தது போதும் என்று பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் மூன்று கிரெடிட் சைக்காலஜி எடுத்தேன். மனப்பாடம் செய்து எழுதியே பி.காம். முடித்தவள் நான், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். வகுப்பில் ஒரு பக்கம் டூயல் என்ரோல்மென்டில் (பள்ளியில் படித்துக்கொண்டே காலேஜ் பாடமும் எடுப்பது) வந்த பதினாறு வயதுப் பையன், மறுபக்கம் முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்.

முதல் பரீட்சையில் 61. புத்தகத்தை மூன்று தடவை வாசித்து, மஞ்சள் ஹைலைட்டர் தீரும்வரை கோடு போட்டிருந்தேன், அப்படியும் 61! சாப்பாட்டோடு சேர்த்து மணி அடித்துப் பழக்கினால், பிறகு மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறுமே, அந்தப் பாவ்லோவின் நாய் தெரியும், மணி தெரியும். ஆனால் "கீமோ எடுப்பவருக்கு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே குமட்டுகிறது, இதில் கண்டிஷன்ட் ஸ்டிமுலஸ் எது" (அதாவது, அந்த மணியின் இடத்தில் இருப்பது எது) என்று கேட்டால் முழிக்கிறேன். நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் கேள்வி எல்லாவற்றுக்கும் தண்டனை என்று எழுதி வைத்திருந்தேன். நெகட்டிவ் என்றால் கெட்டது என்றுதானே தோன்றும்? பெரியவர்தான் சொன்னார்: "வண்டியில் ஏறினதும் சீட் பெல்ட் போடச் சொல்லி பீப் பீப் என்று கத்துகிறது. போட்டதும் நிற்கிறது. அந்தத் தொல்லை போவதற்காகவே அடுத்த முறையும் போடுகிறோம். யாரும் நம்மை அடிக்கவில்லையே?" அட, கழித்தல் குறிதான் அந்த நெகட்டிவ்! ஒன்றை எடுத்துவிடுவதால் ஒரு பழக்கம் கூடுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஞாபக சக்தி பற்றிய பாடம் வந்தது. எபிங்ஹாஸ் என்ற மனிதர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, அதை அளந்து 1885-இல் புத்தகமாகப் போட்டிருக்கிறார். (அந்தப் பொறுமை எனக்கு வராது.) என்னை உலுக்கியது ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. ஐந்து நிமிஷத்தில் கேட்டால், திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருக்கிறது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், புத்தகத்தை மூடிவைத்துத் தன்னையே சோதித்துப் பார்த்தவர்கள் முந்திவிடுகிறார்கள். பரீட்சைக்கு முந்தின இரவு எல்லாம் தெரிந்த மாதிரி இருந்ததே, அது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து, பார்க்காமல் எழுதிப் பார்க்கிறேன். அடுத்த பரீட்சையில் 84. நூறு இல்லைதான், சரி.

*

அக்கா, எனக்குப் படிப்பில் பிரச்சினை இல்லை, மனநோய்கள் பற்றிய பாடம்தான் பிரச்சினை. திங்கட்கிழமை எனக்கு ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வருவது), புதன்கிழமை பைபோலார் (மனநிலை உச்சிக்கும் பாதாளத்துக்கும் மாறுவது), வெள்ளிக்கிழமை கணவருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்! மருத்துவ மாணவர்களுக்கும் இது நடக்கும், அதற்குப் பெயரே உண்டு என்று எங்கள் ப்ரொஃபசர் முதல் நாளே எச்சரித்திருந்தார். கேட்டால்தானே. ஆனால் பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்) பாடத்தன்று, ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த ஒருவர் பாதியிலேயே எழுந்து வெளியே போனார். ப்ரொஃபசர் பாடத்தை நிறுத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். பத்து நிமிஷத்தில் வெளியே போனவர் தானே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் யாருக்கும் நோய் கண்டுபிடிப்பதில்லை.

*

நான் ஆன்லைனில் எடுத்தேன், அதனால் ஆட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. புத்தகம் பற்றி ஒரு வார்த்தை: உங்கள் காலேஜ் ஓபன்ஸ்டாக்ஸ் (இலவசப் பாடப்புத்தகங்கள் வெளியிடும் அமைப்பு) புத்தகத்தைப் பாடமாக வைத்திருந்தால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம், காசு கொடுத்து வாங்காதீர்கள். பழைய பதிப்பு கைக்கு வந்தால் கவனம். 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டதை 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று என்னுடைய பழைய புத்தகத்தில் இருந்தது, அதை நம்பி வகுப்பின் ஆன்லைன் டிஸ்கஷனில் ஒரு பக்கம் பொங்கி எழுதிவிட்டேன். அந்தச் செய்தியைப் போட்ட நியூயார்க் டைம்ஸே 2016-இல் அது தவறான செய்தி என்று ஒப்புக்கொண்டுவிட்டது, சிலர் போலீஸைக் கூப்பிட்டதாகவும் தெரிகிறது என்று ப்ரொஃபசர் கீழே பதில் எழுதியிருந்தார். மார்க் குறைக்கவில்லை. மானம்தான் போனது.

*

மறுபடியும் நான்தான், முதலில் ஆரம்பித்தவள். எங்கள் ப்ரொஃபசர் ஒரு நாள் கட்டில், ஓய்வு, களைப்பு, கனவு, குறட்டை என்று பதினைந்து சொற்களை வாசித்துவிட்டு, ஞாபகம் இருப்பதை எழுதச் சொன்னார். அப்புறம் "தூக்கம் என்று எழுதியவர்கள் கை தூக்குங்கள்" என்றார். பாதி வகுப்பு கை தூக்கியது, நானும்தான். அந்தச் சொல்லை அவர் வாசிக்கவே இல்லையாம்! எனக்கு அவர் குரலிலேயே கேட்டது, சத்தியம் செய்திருப்பேன். பக்கத்துப் பையன் அதை எழுதவில்லை. அவன் முதல் நான்கு சொல்லுக்கு மேல் எதையுமே எழுதவில்லை, அது வேறு கதை.

இதை எழுதும்போது ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அந்த சீட் பெல்ட் உதாரணம் பெரியவர் சொன்னதா, பாடப்புத்தகத்தில் இருந்ததா? அவர் கையை ஆட்டிச் சொன்னது அப்படியே கண்ணில் நிற்கிறது. நாளைக்கு வகுப்பில் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.