வீடு வீடாகப் பார்வையைக் கணக்கெடுத்த அனுபவம்

காரைக்குடியிலிருந்து, கணக்கெடுப்பில் உதவியவர்:

கோட்டையூர்ப் பக்கம் 50 வயது தாண்டியவர்களின் பார்வையைச் சோதித்த குழுவில் இருந்தேன். மூன்று கால் நீட்டிய E எழுத்து அட்டையை 6 மீட்டர் தள்ளிப் பிடித்து, கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொல்வோம். பெரிய எழுத்து 3 மீட்டரிலும் தெரியாவிட்டால் பார்வையின்மை என்று எழுதுவோம்.

ஒரு பெரிய வீட்டில் ஆச்சி மட்டும்தான். பிள்ளைகள் சென்னையில். "எனக்கென்ன தம்பி, நல்லாத்தான் இருக்கேன்" என்று முகப்பிலிருந்து வளவுக்கு விறுவிறுவென்று நடந்தார். ஒரு தூணில்கூட இடிக்கவில்லை. அட்டையைப் பிடித்தால், 3 மீட்டரிலும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் முற்றிய புரை! வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து புழங்கும் வீடு, காலுக்கு எல்லாம் பழக்கம். மகனுக்குப் போன் போட்டுச் சொன்னோம். பொங்கலுக்கு வந்தபோது நன்றாகத்தானே இருந்தார்கள் என்று அவரால் நம்பவே முடியவில்லை.

பூட்டிய வீடுகள் இன்னொரு சிக்கல். பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் தள்ளாதவர்கள். கண் நன்றாக இருப்பவர் வயலுக்கோ கடைக்கோ போயிருப்பார். அவரை விட்டுவிட்டால் பார்வை இழந்தவர்கள் உள்ளதைவிட அதிகமாகத் தெரிவார்கள். அதனால் சாயங்காலம் மறுபடி போயே ஆகவேண்டும்.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்:

எங்கள் அப்பத்தா ரூபாய் நோட்டை விரலால் அளந்தே சொல்லிவிடுவார். 2016க்குப் பிறகு சின்ன அளவில் புது நோட்டுகள் வந்ததும் தடுமாறினார். அப்போதுதான் எங்களுக்கே விஷயம் புரிந்தது. வயதானால் இப்படித்தான் என்று நினைத்து அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்புறம் புரை அறுவை செய்து லென்ஸ் வைத்தார்கள். இப்போது பேரன் சட்டையில் பொத்தான் போனதைக்கூடச் சொல்கிறார்.

காரைக்குடிக்காரர் மீண்டும்:

உங்கள் வீட்டில் நடந்ததுதான் நாடு முழுக்க நடக்கிறது. 2015 முதல் 2019 வரை எடுத்த தேசியக் கணக்கில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் 1.99 சதவீதம் பேருக்குப் பார்வையின்மை. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் புரை, அதாவது மீட்கக்கூடிய பார்வை. ஏன் அறுவை செய்யவில்லை என்றும் கேட்டு எழுதுவோம். நான் போன தெருக்களில் அடிக்கடி கேட்ட பதில், "கூட்டிட்டுப் போக ஆளில்லை." கண் முகாமுக்கு வண்டி வருகிறது, துணைக்குத்தான் ஆள் வேண்டும். உங்கள் ஊரில் யாராவது அப்படித் துணைக்குப் போகிறார்களா? எப்படி ஏற்பாடு செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.