புதுப்பிப்பு: 630 மீட்டரில் ஆண்டெனா ஒருவழியாக ட்யூன் ஆனது

630 மீட்டர் என்பது 472–479 கிலோஹெர்ட்ஸில் உள்ள அமெச்சூர் வானொலி (ஹாம்) பேண்ட். அதில் என் 12 மீட்டர் செங்குத்து ஆண்டெனா ட்யூன் ஆகவே மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது வேரியோமீட்டர் (தூண்டல் அளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய காயில்) யோசனைதான். பக்கெட் மீது சுமார் 1 மில்லிஹென்றி காயில் சுற்றி, உள்ளே சுழலும் சின்ன காயில் ஒன்றை வைத்தேன். அதை ஒரு விரலளவு திருப்பினாலே எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 6-லிருந்து 1.3-க்கு விழுகிறது. ரேடியல் கம்பிகளை (ஆண்டெனா அடியிலிருந்து தரையில் விரியும் கம்பிகள்) கூட்டியதும் உதவியது, ஆனால் அது இரண்டாவதுதான்.

எதிர்பாராதது மழை. நனைந்ததும் ரெசொனன்ஸ் (ஆண்டெனா ட்யூன் ஆகி நிற்கும் அதிர்வெண்) கீழே இறங்கிவிட்டது. பேண்டே 7 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால் சிக்னல் போவது நின்றேவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் வெளியே ஓட வேண்டியிருக்கிறது. உள் காயிலைத் திருப்பச் சின்ன மோட்டார் வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

அப்புறம், பவர் பற்றிக் கேட்டவருக்கு: 2012 உலக வானொலி மாநாடு இந்த பேண்டை ஹாம்களுக்கு இரண்டாம் நிலையில்தான் (முதல் நிலைச் சேவைகளுக்கு இடையூறு செய்யக் கூடாது) ஒதுக்கியது, பொதுவான வரம்பு 1 வாட் இ.ஐ.ஆர்.பி. இது ஆண்டெனாவிலிருந்து வெளியேறும் பவரைக் கணக்கிடும் அளவு, டிரான்ஸ்மிட்டர் பவர் அல்ல. இவ்வளவு குட்டை ஆண்டெனாவில் பெரும்பகுதி காயிலையும் மண்ணையும் சூடாக்கவே போகிறது. உங்கள் நாட்டு உரிம விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஸ்பருக்கு (WSPR, குறைந்த பவர் சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கும் டிஜிட்டல் முறை) டயல் 474.2 கிலோஹெர்ட்ஸ், யு.எஸ்.பி. (மேல் பக்கப்பட்டை) முறை. முதல் இரவே என் சிக்னல் மற்றவர்களுக்குக் கேட்டுவிட்டது!