அழகர்கோயில் காதுகுத்து (குடும்பக் குழு)

செல்வி: ஞாயிறு காலை 6 மணிக்குச் செல்லூரிலிருந்து வேன். கார்த்தி, சனிக்கிழமை ராத்திரியே வந்துவிடு. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பாப்பாவுக்குக் காது குத்த வேண்டும்.

செல்வி: கார்த்தி?

மேலூர் அத்தை: ராத்திரி 3 மணி வரைக்கும் ஆன்லைனில் இருந்தானே, பார்த்தேன்

முருகேசன் சித்தப்பா: அந்நேரம் உனக்கென்னக்கா முழிப்பு

மேலூர் அத்தை: முழங்கால் வலி. பேச்சை மாற்றாதே. என் மகள் கல்யாணத்துக்கும் பரீட்சை என்றுதான் வரவில்லை. செல்லைப் பிடுங்கி வைத்தால் எல்லாம் சரியாகும்

செல்வி: அத்தை, அது நிஜமாகவே பரீட்சை

மீனா: அத்தை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். போன வாரம் அவனுடைய மெடிக்கல் காலேஜ் விடுதிக்குப் போய்ப் பார்த்தேன். மேசையில் பேத்தாலஜி புத்தகம் விரித்தபடி கிடக்கிறது, நடுவில் பென்சில், மூன்று நாளாக அதே பக்கம்தான் என்றான். படிக்க உட்கார்ந்தால் எதுவும் மண்டையில் ஏறவில்லை, செல்லை எடுக்கிறான், ஒரு ரீல்ஸ் முடிந்தால் அடுத்தது, அப்படியே 3 மணி ஆகிவிடுகிறது, காலையில் வார்டில் நின்றபடியே கண் சொருகுகிறது, சாயங்காலம் படிக்காதது எல்லாம் சேர்ந்து பயம், அந்தப் பயத்தில் மறுபடியும் செல். பிடுங்கவும் வழியில்லை, வார்டு போஸ்டிங் பட்டியல், நோட்ஸ் எல்லாம் அதில்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட் பற்றிச் சொன்னது இதுதான்: சத்தெல்லாம் வற்றிய மாதிரி அசதி, செய்யும் வேலையில் மனம் ஒட்டாமல் போவது, நம்மால் ஆகாது என்ற எண்ணம். வேலை பார்க்கிறவர்களை வைத்து எழுதியது அது, ஆனால் மூன்றையும் அவனிடம் பார்த்தேன். சோம்பேறி இல்லை அத்தை அவன்.

ராணி அம்மா: சாப்பிடுகிறானா மீனா

மீனா: காலையில் டீ மட்டும்தான் சித்தி

ராணி அம்மா: என்னிடம் இட்லி சாப்பிட்டேன் என்றானே

முருகேசன் சித்தப்பா: கிடா எத்தனை கிலோ சொல்லியிருக்கிறது?

செல்வி: 14. இருங்கள் சித்தப்பா

மீனா: டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், 14416 கொடுத்திருக்கிறேன், ராத்திரி எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. படுக்கைக்குச் செல் போகக் கூடாது என்றேன், அலாரத்துக்கு என்ன செய்வது என்கிறான்.

முருகேசன் சித்தப்பா: கடையில் சாவி கொடுக்கிற டைம்பீஸ் இருக்கிறது, எடுத்து வருகிறேன். மதினி அழாதீர்கள்

மேலூர் அத்தை: அவன் வராவிட்டால் மடிக்கு யார்? முருகேசன் மகனும் மாமன் முறைதானே

செல்வி: கூடப்பிறந்தவன் இருக்கும்போது எதற்கு அத்தை

மேலூர் அத்தை: நான் எது சொன்னாலும் குற்றம்தான் இந்த வீட்டில்

கார்த்தி: வருகிறேன் அக்கா. சனி மதியம் வரை போஸ்டிங். படிப்பு பற்றி மட்டும் யாரும் கேட்காதீர்கள்

மேலூர் அத்தை: கேட்கவில்லை சாமி. நீ வா

ராணி அம்மா: மாட்டுத்தாவணிக்கு எத்தனை மணிக்கு வருவாய்? தோசைமாவு ஆட்டி வைக்கிறேன்

முருகேசன் சித்தப்பா: பிள்ளை தூங்கட்டும், வேனை 7 மணிக்கு வைப்போம்

செல்வி: 7.30 முகூர்த்தம் சித்தப்பா!

முருகேசன் சித்தப்பா: சரி, ஆறரை?