153 மீனை எண்ணியது யார்?

கரைவலைக்காரன்:
காலைப் பூசை முடிந்து வந்து தேநீரைக் கையில் எடுத்த நேரத்தில் உப்புவெளி வாசகன் நேற்று எழுதியதைப் படித்தேன். தேநீர் ஆறிவிட்டது, நான் ஆறவில்லை. படிக்காதவர்களுக்காக அவர் சொன்னதை இங்கே தருகிறேன்: படித்த கிறிஸ்தவர்கள் பைபிள் அற்புதங்களை இன்று அப்படியே நடந்தவையாக எடுத்துக்கொள்வதில்லையாம். யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்த இயேசு கரையில் நின்று சொன்னபடி பேதுருவும் கூட்டாளிகளும் போட்ட வலையில் பட்ட 153 மீன் வெறும் அடையாள எண்ணாம். மீனை யாரும் உட்கார்ந்து எண்ணியிருக்க மாட்டார்களாம்.

எண்ணியிருக்க மாட்டார்களா! மாஸ்டர், நீங்கள் ஒரு நாளாவது கரைவலைக் கயிற்றைத் தொட்டிருக்கிறீர்களா? என் அப்பாவுக்குத் திருக்கடலூரில் வலை இருந்தது. மீன் சேரும் வலையின் மடி கரையேறியதும் நடக்கிற முதல் வேலை எண்ணுவதுதான். சூடை, நெத்தலி என்றால் எவரும் எண்ண மாட்டார், பெட்டியால் அளப்பார்கள். பாரை மாதிரிப் பெரிய மீன் பட்டால் எண்ணுவார்கள். ஒருவர் மீனை ஒவ்வொன்றாக எடுத்து எறிவார், ஒருவர் உரக்கச் சொல்லுவார், வலை முதலாளியான சம்மாட்டியின் ஆள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். பங்கு பிரிக்க வேண்டாமா? யோவான் என்ன எழுதியிருக்கிறார்? சும்மா மீன் என்றா எழுதினார்? பெரிய மீன்கள், 153. எண்ணினார்கள், எழுதினார்.

உப்புவெளி வாசகன்:
வணக்கம் ஐயா. பதினொரு பந்தி எழுதினேன். அதில் ஒரு வரியைத் தூண்டிலில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, அந்த வரிக்கே பதில் சொல்கிறேன்.

153ஐ அடையாளமாக வாசித்தது நானில்லை. உங்கள் புனிதர்களே வாசித்தார்கள். ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் புனித அகுஸ்தீன் 1 முதல் 17 வரை கூட்டினால் 153 வரும் என்று காட்டினார். 17 என்பது பத்துக் கட்டளைகளும் தூய ஆவியின் ஏழு கொடைகளும் சேர்ந்தது என்றார். புனித எரோணிமுஸ், உலகில் மீன் வகைகள் 153 என்று அக்கால எழுத்தாளர்கள் சொன்னதாக எழுதி, எல்லா இனத்து மக்களும் வலைக்குள் வருவதற்கு அது அடையாளம் என்றார். இவர்களும் கரைவலை இழுக்காதவர்கள்தான். அவர்களுக்கும் இதே கேள்வியைக் கேட்பீர்களா?

கணக்குப்பிள்ளை:
1இன் கனம், 5இன் கனம், 3இன் கனம் மூன்றையும் கூட்டினாலும் 153தான். 1, 125, 27. கூட்டிப் பாருங்கள். சும்மா சொன்னேன்.

கரைவலைக்காரன்:
அகுஸ்தீன் அடையாளம் சொன்னார், சரி. மீன் பிடிபடவில்லை என்று சொன்னாரா? என் பேரனுக்கு அந்தோனி என்று பெயர் வைத்தோம். பெயருக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதனால் பேரன் பிறக்கவில்லை என்று ஆகிவிடுமா? எண்ணினார்கள் மாஸ்டர், எண்ணினார்கள்.

வெந்நீர்க் கிணறு:
நான் இந்து. வெளியில் நின்று பார்க்கிறேன். எங்கள் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, சூடு ஒன்றுக்கொன்று சற்று வேறுபடும். இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டானவை என்று அம்மம்மா சொல்லுவார். நிலத்தடிச் சூட்டால் வருகிற நீர் என்று பள்ளியில் படித்தோம். இரண்டையும் தெரிந்துகொண்டுதான் ஆடி அமாவாசைக்குப் போய் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறோம். கோணேசர் மலையில் இராவணன் வாளால் வெட்டியது என்று சொல்லும் பிளவான 'இராவணன் வெட்டு' இருக்கிறது, அதை எவரும் அளவுநாடா கொண்டுபோய் அளக்கவில்லை. உங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தலையிடி?

கரைவலைக்காரன்:
தம்பி, உங்கள் இராவணன் வேறு, எங்கள் பேதுரு வேறு. பேதுரு வலை இழுத்தவர். அவரையும் சேர்த்து அன்று படகில் இருந்தவர்கள் ஏழு பேர். கரைக்கு இருந்த தூரம் இருநூறு முழம். வலை கிழியவில்லை. இவ்வளவையும் எழுதிவைத்தவன் கதை கட்டுகிறவனா? கதை கட்டுகிறவன் நூறு என்பான், ஆயிரம் என்பான். 153 என்று எவனும் கட்ட மாட்டான்.

உப்புவெளி வாசகன்:
1, 2, 3 என்று வரிசையாகக் கூட்டினால் வருகிற முக்கோண எண்ணைத் தேடுகிறவன் கட்டுவான்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் 'கடல், கடல்' என்று கரைவலை கணக்குச் சொல்கிறீர்கள். பேதுரு வலை போட்ட திபேரியக் கடல் என்பது கடலே அல்ல. சுமார் 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உள்ள நன்னீர் ஏரி. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. கிரேக்க மூலத்தில் லூக்கா அதை ஏரி என்றே எழுதுகிறார். பாரையும் இல்லை, சூடையும் இல்லை. அங்கே பேதுருவின் மீன் என்று பயணிகளுக்குப் பொரித்துக் கொடுப்பது திலாப்பியா. ஆக, நம் கந்தளாய்க் குளத்து மீன்பிடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கரைவலைக்காரன்:
குளம் என்றால் எண்ண மாட்டார்களா?

வெந்நீர்க் கிணறு:
கந்தளாய்க் குளத்தை இளக்காரமாகச் சொல்ல வேண்டாம். 1986 ஏப்ரலில் அணைக்கட்டு உடைந்தபோது என் பெரியப்பா அந்தப் பக்கம் வயல் செய்துகொண்டிருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு வரம்பைத் தேடியவருக்கு வயலே அகப்படவில்லை. குளம் என்றால் சின்னது என்று நினைக்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உப்புவெளி வாசகன்:
நான் இளக்காரம் செய்யவில்லையே. உதாரணத்துக்குச் சொன்னேன்.

வெந்நீர்க் கிணறு:
உதாரணத்துக்கு வேறு குளம் கிடைக்கவில்லையா?

சாட்சி:
இருவரும் வேத வார்த்தையை மீன் சந்தை ஆக்கிவிட்டீர்கள். ஒருவர் எண்ணுகிறார், மற்றவர் கூட்டுகிறார். எபிரெயர் 13:8 சொல்வது என்ன? இயேசு கிறிஸ்து நேற்றும் இன்றும் என்றும் மாறாதவர். அன்று குருடன் பார்த்தான் என்றால் இன்றும் பார்ப்பான். எனக்கு எட்டு வருடம் இடுப்பு வலி. ஜெபத்தில் கைவைத்த அன்றே போனது. இதற்கு எந்த அகுஸ்தீன் வேண்டும்?

உப்புவெளி வாசகன்:
சகோதரி, 1941இல் புல்ட்மன் என்ற ஜெர்மன் இறையியலாளர் இதைத்தான் கேட்டார். மின்விளக்கைப் போட்டுக்கொண்டு, வானொலி கேட்டுக்கொண்டு, வருத்தம் வந்தால் நவீன வைத்தியத்துக்குப் போய்க்கொண்டு, மறுபக்கம் புதிய ஏற்பாட்டின் ஆவிகளும் அற்புதங்களும் நிறைந்த உலகை அப்படியே நம்புவது எப்படி முடியும் என்று. கத்தோலிக்கரும் 1965இல் வத்திக்கான் சங்கத்தில் இலக்கிய வகையைப் பார்த்து வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். அது இன்னும் திருக்கடலூர்க் கரைக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது.

கரைவலைக்காரன்:
வந்து சேர்ந்தது மாஸ்டர். நீங்கள் பாதி வாசித்துவிட்டு மூடிவைத்த அதே ஏட்டில், நற்செய்திகளின் வரலாற்றுத் தன்மையைத் திருச்சபை தயக்கமின்றி உறுதிப்படுத்துகிறது என்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததோ?

இவர் பாதி வாசிப்பது புதிதல்ல. எங்கள் திருகோணமலை மறைமாவட்டம் 1967இல் தொடங்கியது என்று போன மாதம் எழுதியவர் இவர்தான். தொடங்கியது 1893. 1967இல் மட்டக்களப்பின் பெயரைச் சேர்த்தார்கள், 2012இல் பிரித்தார்கள். திருத்திச் சொன்னேன். ஒரு நன்றி கூட வரவில்லை. சொந்த ஊர்க் கோவிலின் வருடமே தெரியாதவர் திபேரியாக் கரையில் எண்ணினார்களா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறார்.

உப்புவெளி வாசகன்:
நான் மெதடிஸ்த திருச்சபைக்காரன். அது என் சொந்த ஊர்க் கோவில் அல்ல. அந்தப் பதிவையும் அன்றே திருத்திவிட்டேன்.

கரைவலைக்காரன்:
நன்றி சொல்லாமல் திருத்தினீர்கள்.

இரவுப்பணித் தாதி:
ஒரு நிமிடம். முதலில் அற்புதம் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று யாராவது சொல்லுங்கள். இயற்கை விதியை மீறுவதா? சரியான நேரத்தில் நடக்கும் சாதாரண காரியமா? ஆளுக்கொன்றை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
நான் வேறொன்று கணக்குப் பார்த்தேன். 153ஐ ஏழு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 21, மிச்சம் 6. கரையில் நின்ற இயேசுவையும் சேர்த்து எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு 19, மிச்சம் 1. அந்த ஒன்றைத்தான் தணலில் வைத்திருப்பார்களோ?

சாட்சி:
தணலில் மீன் ஏற்கெனவே இருந்தது. 9ஆம் வசனம். வாசித்துவிட்டுப் பகிடி விடுங்கள்.

கரைவலைக்காரன்:
கணக்குப்பிள்ளை பகிடியாகச் சொன்னாலும் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். பங்கு! பங்கு இருந்தால் எண்ணிக்கை இருக்கும்.

இன்னொன்று சொல்கிறேன், வாசகன் நன்றாகக் கேட்கட்டும். படகில் இருக்கிறவனுக்கு மீன் தெரியாது. கரை மேட்டில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். தண்ணீர் ஓரிடத்தில் கறுத்து வரும், மேலே பறவை தாழப் பறக்கும். எங்கள் கரையில் அதற்கென்றே ஓர் ஐயா நின்றார். சாரத்துக்கு மேல் கட்டிய துண்டை அவிழ்த்து இடம், வலம் என்று வீசிக் காட்டுவார். படகு அந்தப் பக்கம் வளைந்து வலையை இறக்கும். கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது, ஆனாலும் அவர் துண்டைப் பார்த்துத்தான் இறக்கினோம். கரையில் நின்றவர் 'வலப்பக்கம் போடுங்கள்' என்று சொன்னார் என்றால் அது கடற்கரைப் பழக்கம். நேரில் பார்த்தவன்தான் அப்படி எழுதுவான்.

உப்புவெளி வாசகன்:
நன்றி ஐயா. இதோ, சொல்லிவிட்டேன். இந்த நன்றி உங்களுக்குப் பிடிக்காது.

கரையில் நின்றவருக்கு மீன் கூட்டம் தெரிந்தது, அவர் கைகாட்டினார், இவர்கள் பிடித்தார்கள், பங்குக்காக எண்ணினார்கள் என்று நீங்களே நிறுவிவிட்டீர்கள். பிறகு அற்புதம் எங்கே? என் பதினொரு பந்தியும் செய்யாத வேலையை உங்கள் ஒரு துண்டு செய்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:
ஆகா.

கரைவலைக்காரன்:
வார்த்தையைத் திருப்புகிறார். அது விடியற்காலை. இருட்டுப் பிரியாத நேரத்தில் மேட்டில் நின்றாலும் தண்ணீரின் நிறம் தெரியாது. இரவு முழுவதும் ஒன்றும் படாத இடத்தில், ஒரே வீச்சில் 153. அதுதான் அற்புதம். எண்ணியதும் உண்மை, அற்புதமும் உண்மை.

உப்புவெளி வாசகன்:
முதலில் தெரியும் என்றீர்கள், இப்போது தெரியாது என்கிறீர்கள்.

கரைவலைக்காரன்:
பகலில் தெரியும், இருட்டில் தெரியாது. இதற்கும் ஜெர்மன்காரனிடம் கேட்க வேண்டுமா?

இப்போது நான் கேட்கிறேன். 153 அடையாளம் என்றால் வெறுமையான கல்லறையும் அடையாளமா? கிறிஸ்து எழவில்லை என்றால் நம் விசுவாசம் வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஈஸ்டருக்கு நீங்கள் எதற்குக் கோவிலுக்குப் போகிறீர்கள்?

உப்புவெளி வாசகன்:
அது வேறு விடயம்.

கரைவலைக்காரன்:
எப்படி வேறு?

சாட்சி:
எப்படி வேறு?

கணக்குப்பிள்ளை:
வாசகன் ஐயா 40 நிமிடமாகக் காணவில்லை.

இரவுப்பணித் தாதி:
அவர் வரும்வரை நான் ஒன்று சொல்கிறேன். சாட்சி அக்கா, உங்கள் இடுப்பு வலி போனதில் எனக்கு மகிழ்ச்சி. என் சித்திக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்தார். எந்தக் கூட்டம் என்று எழுத மாட்டேன். 'ஊசியை வைத்திருப்பது அவிசுவாசம்' என்று மேடையில் ஒருவர் சொன்னாராம். அன்றிரவே குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில், முட்டைக்குப் பக்கத்தில் இருந்த மருந்துப் புட்டிகளை எடுத்துக் குப்பையில் போட்டார். காலில் ஒரு சிறிய கொப்புளம் வந்தது. புண்ணானது. யாரிடமும் சொல்லாமல் பழைய சேலைத் துணியால் சுற்றிவைத்திருந்தார். நான் இரவுப் பணி முடித்துப் பார்க்கப் போனபோது வாசலிலேயே வாடை தெரிந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

நான் விசுவாசி. கானாவில் தண்ணீர் இரசமானது என்று நம்புகிறேன். பைபிளில் நடந்ததை நம்புவதும், புதன்கிழமை மண்டபத்தில் எனக்கும் நடக்கும் என்று ஊசியை எறிவதும் ஒன்றல்ல. 1918இல் வார்ஃபீல்ட் என்ற அமெரிக்க இறையியலாளர் இதையே ஒரு நூலாக எழுதினார். வேதாகம அற்புதங்களை ஒன்று விடாமல் நம்பியவர்தான், ஆனால் அந்த வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றன என்றார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஊசியை எறியாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

சாட்சி:
உங்கள் சித்திக்காக ஜெபிக்கிறேன். ஆனால் அவர் முழு விசுவாசத்தோடு ஏற்றுக்கொண்டாரா என்பது நமக்குத் தெரியாது அல்லவா?

இரவுப்பணித் தாதி:
விரல் போனதும் அவர் குற்றம், விசுவாசம் குறைந்ததும் அவர் குற்றம். மேடையில் நின்றவருக்கு ஒன்றும் இல்லை. நல்ல கணக்கு.

சாட்சி:
நான் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் போதகர் மருந்தை நிறுத்தச் சொன்னதே இல்லை. எல்லாரையும் ஒரே வலையில் போடாதீர்கள்.

கரைவலைக்காரன்:
தாதிப் பிள்ளை சொன்னது நியாயம், சித்தி சுகமாக இருக்கட்டும். ஆனால் இந்தக் கூட்டங்கள் வந்ததே மாஸ்டர் மாதிரியானவர்களால்தான். கோவிலில் நின்று அற்புதம் இல்லை என்று சொன்னால் சனம் எங்கே போகும்? மண்டபத்துக்குத்தான் போகும்.

உப்புவெளி வாசகன்:
சாப்பிடப் போயிருந்தேன். இப்போது சித்தியின் காலுக்கும் நான்தான் காரணமா? எல்லாம் எழுத்துக்கு எழுத்து நடக்கும் என்று மேடையில் சொன்னவர் உங்கள் கட்சி ஐயா, என் கட்சி அல்ல. 2004 டிசம்பர் 26ஐயும் நினைத்துப் பாருங்கள். தென்னையைப் பிடித்துத் தப்பியவர் அற்புதம் என்றார். அதே வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் எந்தச் சொல்லைச் சொல்வது?

கரைவலைக்காரன்:
என் தங்கையின் மகன் அந்த அலையில் போனவன். அதை இங்கே வாதத்துக்கு எடுக்காதீர்கள்.

உப்புவெளி வாசகன்:
மன்னிக்க வேண்டும். தெரியாமல் எழுதிவிட்டேன்.

வெந்நீர்க் கிணறு:
கந்தளாய்க்கும் ஒரு மன்னிப்பு மிச்சம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
கல்லறைக் கேள்விக்கும் பதில் மிச்சம் இருக்கிறது.

உப்புவெளி வாசகன்:
அதற்குத் தனியாகப் பதினைந்து பந்தி எழுதுகிறேன். ஆனால் 153 ஒரு முக்கோண எண். அதை யாராலும் மாற்ற முடியாது.

இரவுப்பணித் தாதி:
அற்புதம் என்றால் என்ன என்று கேட்டிருந்தேன்.

கரைவலைக்காரன்:
விடிந்துவிட்டது. இன்று எங்கள் கரையில் மருமகனின் வலை ஏறியது. சூடை ஆறு பெட்டி, அளந்தோம். பாரை 41. இரண்டு தரம் எண்ணினேன். 41 முக்கோண எண்ணா என்று மாஸ்டர் பார்த்துச் சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை:
இல்லை. 36, அடுத்தது 45.

கரைவலைக்காரன்:
நான்கு மீனை மருமகன் ஒளித்துவிட்டான் என்று எழுதினாலும் எழுதுவார்.