அந்தமானில் ஸ்கூட்டரா, ஆட்டோவா, ஏஜென்ட் காரா? மாமியார், குழந்தையோடு போகிறோம்

கேட்டவர்: வாணி_மலைக்கோட்டை

ஜனவரி இரண்டாவது வாரம் அந்தமான் போகிறோம். நான், கணவர், ஆறு வயது மகள், மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி. நடப்பார், ஆனால் உயரமான படி என்றால் கை பிடித்து ஏற்ற வேண்டும். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் மூன்றும் பார்ப்பதாகத் திட்டம்.

மூன்று தீவிலும் எல்லா நாளும் கார், தனியார் ஃபெர்ரி டிக்கெட் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் கேட்கிறார் ஏஜென்ட். விமானமும் ஹோட்டலும் தனி. கணவரோ, "ஹேவ்லாக்கில் ஸ்கூட்டர் வாடகை ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறுதானாம், எதற்குக் கார்?" என்கிறார். மகளை முன்னால் நிற்க வைத்து ஓட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை. அரசு ஃபெர்ரி போதுமா, தனியாரே நல்லதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: இருசக்கரக்காரன்

யோசிக்கவே வேண்டாம், ஸ்கூட்டர்தான். ஹேவ்லாக் சின்ன தீவு, டிராஃபிக் கிடையாது, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். நானும் மனைவியும் அப்படித்தான் சுற்றினோம். டாக்ஸிக்காரர்கள் ஒரு ட்ரிப்புக்குக் கேட்கிற பணத்தில் நாள் முழுக்க ஸ்கூட்டர் ஓட்டலாம். மாமியாருக்கு மட்டும் ஆட்டோ வைத்துவிடுங்கள்.

பதில்: அபர்தீன்_பஜார்

வாணி, நான் போர்ட் பிளேரில் சில வருடம் வேலை பார்த்தவன். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அலைவதிலேயே என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், எல்லா நாளும் கார் என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பாதி நாள் அது ஹோட்டல் வாசலில் சும்மா நிற்கும், வாடகை உங்கள் தலையில்.

ஹேவ்லாக்கில் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. அந்தமான் வெகு கிழக்கே இருக்கிறது, ஆனால் நேரம் நம் ஊர் நேரம்தான். ஜனவரியில் ஐந்தேகால், ஐந்தரைக்குள் சூரியன் இறங்கிவிடும். ஆறு மணிக்கு நல்ல இருட்டு. ராதாநகர் கடற்கரை மேற்குப் பார்த்தது, அதனால் தீவில் இருக்கிற பாதிப் பேர் அஸ்தமனம் பார்க்க அங்கேதான் நிற்பார்கள். ஃபெர்ரி வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், மரங்களுக்கு நடுவே ஏறி இறங்கி வளைகிற பாதை. போகும்போது அழகாக இருக்கும். திரும்பும்போது எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பும். வளைவில் எதிரே வரும் ஜீப்பின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும், தார் எங்கே முடிந்து மண் எங்கே தொடங்குகிறது என்று ஒரு நொடி தெரியாது. பின்னால் ஈரத் துணியோடு குழந்தை தூங்கி வழியும். சின்ன தீவு, டிராஃபிக் இல்லை என்று இருசக்கரக்காரன் சொல்வது பகலுக்குச் சரி.

சட்டமும் இருக்கிறது. ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர்தான். நான்கு வயது தாண்டிய எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். வாடகைக் கடையில் உங்கள் மகள் தலைக்குச் சேருகிற ஹெல்மெட் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆக உங்களுக்கு இரண்டு ஸ்கூட்டர், மாமியாருக்குத் தனி ஆட்டோ என்றாகிறது. அப்புறம் எங்கே மிச்சம்?

ராதாநகருக்கு மட்டும் டாக்ஸி பிடியுங்கள். மதியம் மூன்று மணிக்குக் கிளம்பி, அங்கேயே காத்திருந்து, இருட்டியதும் ஹோட்டலில் விட வேண்டும் என்று பேசுங்கள். 'போக வர' என்று மட்டும் சொன்னால் காத்திருப்புக்குத் தனியாகக் கேட்பார்கள், வாக்குவாதம் வரும். ஹோட்டலை விஜயநகர், கோவிந்தநகர் பக்கம் எடுத்தால் சாப்பாட்டுக்கும் கடைக்கும் மாலையில் நடந்தே போகலாம். ராதாநகர் பக்கத்திலேயே ரூம் எடுத்தால் மற்ற எல்லாவற்றுக்கும் வண்டி வேண்டும்.

உங்கள் கணவரின் ஆசையையும் கெடுக்க வேண்டாம். விஜயநகரிலிருந்து காலாபத்தர் கடற்கரைக்குப் போகும் ரோடு கடலை ஒட்டியே, பெரும்பாலும் சமதரையாகப் போகும். அது கிழக்குக் கரை. விடியற்காலையில் பாட்டியும் பேத்தியும் தூங்கும்போது நீங்கள் இரண்டு பேரும் ஒரு ஸ்கூட்டரில் போய் வாருங்கள். மாமியார் மறுப்பே சொல்ல மாட்டார், என்ன!

ஸ்கூட்டர் எடுக்கும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகைக்கு அனுமதி பெற்ற வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் யாரோ சொந்த வண்டியை வாடகைக்கு விடுகிறார் என்று அர்த்தம். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது, ஏதாவது ஆனால் முழுச் செலவும் உங்கள் கையிலிருந்து. பின் பிரேக்கை மட்டும் அழுத்தாமல் முன் பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். உப்புக் காற்றில் நிற்கிற வண்டிகள், வயர் இறுகிப்போய் இருக்கும். ஏற்கெனவே இருக்கிற கீறல்களைக் கடைக்காரர் எதிரிலேயே வீடியோ எடுங்கள். ஒரிஜினல் லைசென்ஸைக் கடையில் விட்டுவிட்டு ஓட்டாதீர்கள், போலீஸ் நிறுத்தினால் காட்ட வேண்டியது அதுதான். டிஜிலாக்கரில் இருப்பது செல்லும், ஆனால் சிக்னலை நம்பாமல் ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீல் தீவு இன்னும் சின்னது. ஜெட்டியில் இறங்கியதும் ஒரு ஆட்டோ பேசினால் போதும், பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர் கடற்கரை எல்லாம் காட்டிவிடுவார். இயற்கைப் பாலம் என்கிற பாறை வளைவை மட்டும் கடல் வற்றியிருக்கும்போதுதான் கிட்டே போய்ப் பார்க்க முடியும், அதனால் ஆட்டோக்காரரிடமே நேரம் கேட்டு அதற்கேற்பக் கிளம்புங்கள். அங்கே நடக்க வேண்டியது வழுக்கும் பவளப் பாறையில். மாமியார் மேலேயே உட்காரட்டும்.

போர்ட் பிளேர் ஊருக்குள் ஆட்டோ. மீட்டர் கிடையாது, ஏறுமுன் பேசுங்கள். தமிழிலேயே பேசிப் பாருங்கள், அபர்தீன் பஜார் பக்கம் நிறைய நம் ஆட்கள். ஊரைத் தாண்டித் தள்ளி இருக்கிற சிடியா தாப்பு கடற்கரைக்குப் போகிற அன்று மட்டும் கார் எடுங்கள்.

கேட்டவர்: வாணி_மலைக்கோட்டை

மிக்க நன்றி அண்ணா. கணவரிடம் படித்துக் காட்டினேன். விடியற்காலை ஸ்கூட்டருக்குச் சம்மதித்துவிட்டார். ஃபெர்ரி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? போர்ட் பிளேர் பக்கத்தில் இருக்கிற ராஸ் தீவுக்குப் போகும் சின்ன படகு பயமாக இருக்கிறது.

பதில்: நெய்தல்_நிலா

போன சீசனில் அப்பா அம்மாவோடு போனேன். தனியார் ஃபெர்ரி ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம், அரசு ஃபெர்ரி இரண்டரை மணி நேரத்தை ஒட்டி. அரசு ஃபெர்ரி கட்டணம் நன்றாகவே குறைவு, ஆனால் சீசனில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. நாங்கள் போகும்போது தனியார், வரும்போது அரசு. அம்மாவுக்கு அரசு ஃபெர்ரிதான் பிடித்தது, ஏனென்றால் மேல்தளத்தில் காற்றாட நிற்க முடிந்தது. தனியாரில் கண்ணாடி மூடிய ஏசி அறை, சுற்றி இரண்டு பேர் வாந்தி எடுத்தால் நமக்கும் வந்துவிடும்.

டிக்கெட்டில் ஹேவ்லாக் என்று இருக்காது, ஸ்வராஜ் தீப் என்று இருக்கும். நீலுக்கு ஷஹீத் தீப். போர்ட் பிளேரும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். குழம்பிவிடாதீர்கள். எல்லோருடைய ஒரிஜினல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், குழந்தையுடையதும்.

பதில்: அபர்தீன்_பஜார்

நெய்தல் நிலா சொன்னதோடு இரண்டு. டிக்கெட்டில் எந்த ஜெட்டி என்று பாருங்கள், போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியும் ஹாடோ ஜெட்டியும் வேறு வேறு இடம். அப்புறம், கடைசி இரவு போர்ட் பிளேரில் தங்குங்கள். வானிலை கெட்டால் ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள். காலையில் ஹேவ்லாக்கில் ஏறி மதியம் விமானம் பிடிக்கிற திட்டம் யார் போட்டுக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உட்காருவதற்குக் கீழ்த்தளம், நடுப்பகுதி. முன்மூக்கில்தான் ஆட்டம் அதிகம். வாந்தி மாத்திரை என்றால் ஏறிய பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை, அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். மாமியாருக்கும் மகளுக்கும் எது, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு வாங்கி வாருங்கள்.

ராஸ் தீவுப் படகுக்குப் பயப்படுவதில் தப்பில்லை. 2014 ஜனவரி 26 அன்று அந்தப் பக்கம் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள், நிறைய பேர் காஞ்சிபுரத்துக்காரர்கள். அனுமதித்ததைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தார்கள். அதனால் படகில் எழுதியிருக்கும் எண்ணிக்கையையும் உட்கார்ந்திருக்கும் தலைகளையும் பாருங்கள். உங்கள் மகளுக்குப் பெரியவர்கள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு வார் தொங்கினால் சின்னது கேளுங்கள். தோளைப் பிடித்து மேலே தூக்கினால் ஜாக்கெட் மட்டும் தனியாக வரக் கூடாது. அப்படி வந்தால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். மாமியாரை ஏற்றும்போது ஒருவர் படகிலும் ஒருவர் ஜெட்டியிலும் நின்று, அலை படகைத் தூக்குகிற நேரம் பார்த்துக் கை கொடுக்க வேண்டும். ராஸில் இறங்கிவிட்டால் மேட்டில் ஏற பேட்டரி வண்டி உண்டு.

பதில்: இருசக்கரக்காரன்

இருட்டு விஷயம் ஒத்துக்கொள்கிறேன், குழந்தையோடு சரிப்படாது. அந்தக் காலை ஸ்கூட்டருக்கு ஒன்று: முந்தின நாள் மாலையே எடுத்து வையுங்கள். விடியலில் கடை திறந்திருக்காது. டேங்க்கும் கிட்டத்தட்ட காலியாகத்தான் தருவார்கள், அன்றைக்கே பெட்ரோல் போட்டுவிடுங்கள்.