ஹைட்ராலிக் லாக்: "பூட்டு" வேண்டாம், வேறு சொல் தேடுவோம்

குழுவினருக்கு வணக்கம்.

பழைய போர்க்கால விமானங்களைப் பறக்கவிடும் விமானிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஹார்வர்ட் பயிற்சி விமானம், டகோட்டா போக்குவரத்து விமானம் இரண்டுக்கும் பொதுவான பகுதி. ரேடியல் எஞ்சினுக்கு ஆரைப்பொறி என்று வைத்துவிட்டேன். ஹைட்ராலிக் லாக் என்ற இடத்தில்தான் சிக்கல். சிலிண்டருக்குள் எண்ணெய் போன்ற திரவம் தேங்கி, பிஸ்டனை ஏறவிடாமல் நிறுத்தும் கோளாறு அது. இப்போதைக்கு "நீரியல் பூட்டு" என்று எழுதியிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்

*

> இப்போதைக்கு "நீரியல் பூட்டு" என்று எழுதியிருக்கிறேன்.

ஐயா, இதை மட்டும் அச்சேற்றிவிடாதீர்கள். "நீரியல்" என்றால் ஆறு குளத்து நீரைப் பற்றிய படிப்பு. அது சின்னப் பிழைதான். பெரிய பிழை "பூட்டு". ஏன் என்று சொல்வதற்கு முன் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம்.

ஹார்வர்டில் இருப்பது பிராட் அண்ட் விட்னி ஆர்-1340 எஞ்சின். 9 சிலிண்டர், 600 குதிரைத்திறன். சிலிண்டர்கள் சக்கரத்து ஆரைகள் போல வட்டமாக நிற்கின்றன. பின்னாலிருந்து பார்த்தால் உச்சியில் 1, அங்கிருந்து வலஞ்சுழியாக எண்கள். 4 முதல் 7 வரை கிடைமட்டத்துக்குக் கீழே, அதிலும் 5, 6 இரண்டும் ஏறக்குறைய தலைகீழாகத் தொங்குகின்றன. எஞ்சின் நின்றபின் நடு உறையில், அதாவது வணரித்தண்டு (கிராங்க் ஷாஃப்ட்) சுற்றும் கூட்டில், மிஞ்சும் எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசிந்து, எரியறையில் தேங்குகிறது. அந்த சிலிண்டரின் வெளியேற்று வால்வு திறந்திருந்தால் தொல்லை இல்லை. எண்ணெய் புகைக்குழாய்க்குப் போய்விடும், கிளப்பும்போது வெண்புகை மண்டும், அவ்வளவுதான். இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டன் ஏறிவந்தால்தான் ஆபத்து. எண்ணெயை அமுக்க முடியாது.

எவ்வளவு எண்ணெய் வேண்டும்? மொத்தக் கொள்ளளவு 22 லிட்டர், ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 2.45. அமுக்க விகிதம் 6:1 என்பதால் பிஸ்டன் உச்சத்தில் இருக்கும்போது மிஞ்சும் இடம் அரை லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அந்த அரை லிட்டர் நிறைந்தால் பிஸ்டன் நின்றுவிடும். அதில் பாதி இருந்தாலும் அமுக்கம் எகிறும், மற்ற சிலிண்டர்கள் தீப்பிடித்துத் தள்ளும்போது பிஸ்டனை வணரித்தண்டோடு சேர்க்கும் இணைப்புத் தண்டு வளையும். வளைந்த தண்டு உடனே காட்டிக்கொடுக்காது. எஞ்சின் ஓடும், விமானம் ஏறும், பல மணி நேரப் பறப்புக்குப் பிறகு நடுவானில் முறியும்.

இனி பூட்டுக்கு வருகிறேன். பூட்டு என்று கேட்டதும் கை என்ன செய்யப் பார்க்கும்? திறக்கப் பார்க்கும். பலம் கொடுத்துத் திருகும், இல்லை எதிர்ப்பக்கம் திருப்பும். எஞ்சினைக் கெடுப்பவை சரியாக அந்த இரண்டு செயல்கள்தாம்.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. எதிர்ப்பக்கம் திருப்பினால் எண்ணெய் வெளியேறிவிடாதா? அது ஏன் தவறு?

சொல்லைப் பொறுத்தவரை, "எண்ணெய் அடைப்பு" எளிமையாக இருக்கிறதே.

*

வெளியேறும் அம்மா. ஆனால் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. சுழலியை (ப்ரொப்பெல்லரை) பின்னோக்கித் தள்ளினால் உள்ளிழு வால்வு திறந்து, எண்ணெய் உள்ளிழு குழாய்க்குள் போகும். கீழ்ச் சிலிண்டர்களுக்கு அந்தக் குழாய் மேலிருந்து இறங்கி வருகிறது, அடியில் எண்ணெய் குளம்போல் நிற்கும். கையில் தடை இல்லாததால் "சரியாகிவிட்டது" என்று கிளப்புவார்கள். இரண்டு மூன்று சிலிண்டர் பற்றிக்கொண்டதும் குளத்து எண்ணெய் அப்படியே திரும்ப உறிஞ்சப்படும். முன்பு கையின் வலுவோடு நின்றது இப்போது எஞ்சினின் வலுவோடு நிற்கும்.

செய்ய வேண்டிய முறை இது. எஞ்சின் நின்று அரை மணிக்கு மேல் ஆகியிருந்தாலே கையால் சுற்ற வேண்டும். மேக்னீட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) அணைப்பில், த்ராட்டில் மூடி, கலவைக் கோல் எரிபொருள் துண்டிப்பு நிலையில், சக்கரங்களுக்குக் கட்டை. இத்தனை செய்தும் சுழலியை உயிருள்ளதாகவே நினைக்க வேண்டும். மேக்னீட்டோவின் நிலத்தொடர்புக் கம்பி அறுந்திருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தும் பொறி பறக்கும். (எஞ்சினும் பொறி, தீயும் பொறி. இந்தத் தொல்லைக்கு இன்னொரு இழை தொடங்க வேண்டும்.)

சுற்றும்போது சுழலியின் எத்தனை இதழ் கடப்பதை எண்ணுவது? எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை அமுக்க வீச்சுக்கு வர வணரித்தண்டு 2 சுற்று சுற்ற வேண்டும். ஹார்வர்டில் சுழலி நேரடி இணைப்பு, 2 இதழ், ஆகவே குறைந்தது 4. டகோட்டாவின் ஆர்-1830-இல் 16:9 குறைப்புப் பல்லிணை (வணரித்தண்டு 16 சுற்றினால் சுழலி 9 சுற்றும்), 3 இதழ். கணக்குப்படி 3.375, அதாவது 4. நடைமுறையில் 9, 12, 15 என்று எண்ணுகிறார்கள். குழாயில் தேங்கியது முதல் சுற்றில் உறிஞ்சப்பட்டு அடுத்த சுற்றில்தான் காட்டிக்கொடுக்கும் என்பதால் அது வீண் வேலை இல்லை.

அமுக்கத் தடை மெத்தென்று இருக்கும், சற்று அழுத்தினால் கடந்துவிடும். எண்ணெயால் வரும் தடை அப்படியில்லை. சுவரில் இடித்தது போல் நிற்கும். அங்கேயே விட்டுவிட வேண்டும். சுழலியின் இதழ் நீளமான நெம்புகோல். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலே தண்டு வளையலாம். கீழ்ச் சிலிண்டர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு தீப்பொறிச் செருகியை (ஸ்பார்க் பிளக்) கழற்றி, எண்ணெய் முழுதும் வடியவிட்டு, ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். டகோட்டாவில் ஏழேழாக இரண்டு வரிசை. முன் வரிசையின் 8 நேர் செங்குத்தாகக் கீழே நிற்கிறது, அதை முதலில் பாருங்கள். செருகிகளைத் துடைத்து, புதிய செப்பு வளையத்தோடு பூட்டலாம். (இங்கே "பூட்டு" சரியான இடத்தில் இருக்கிறது!)

ஸ்டார்ட்டரை அழுத்தியபின் நின்றிருந்தால் இது போதாது. செருகித் துளை வழியே கோல் விட்டு, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சத்தில் எவ்வளவு உயரம் வருகிறது என்று ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதன் தண்டு வளைந்திருக்கிறது, சிலிண்டரைக் கழற்றியே ஆகவேண்டும்.

"எண்ணெய் அடைப்பு" என்றால் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது என்று படிப்பார்கள். அது வேறு நோய்.

*

"எண்ணெய்" என்ற முன்னொட்டே கூடாது என்பேன். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சினில் சிலிண்டர்கள் மேல்நோக்கி நிற்பதால் எண்ணெய் தேங்காது. ஆனால் குளிர்நீர்மம் கசிந்து உள்ளே வந்தால் இதே கதைதான். தொடக்க எரிபொருளை அளவுக்கு மீறி அடித்தாலும் நடக்கும். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களில் ஹைட்ரோ லாக் என்று மெக்கானிக்குகள் சொன்னது தண்ணீரால் வந்தது. எனவே "நீர்ம" என்றே தொடங்கலாம். இன்னொன்று: விளக்கத்தில் "ஆரைப்பொறி" என்று கட்டிப்போடாதீர்கள். மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் டிபி 605, டைகர் மாத் விமானத்தின் ஜிப்ஸி மேஜர் ஆகிய எஞ்சின்கள் ஆரைப்பொறி அல்ல, ஆனாலும் இரண்டிலும் தலைகீழ் சிலிண்டர்கள்.

என் முன்மொழிவு: நீர்மமுட்டு. "மூச்சு முட்டுது", "வயிறு முட்டத் தின்றான்" என்கிறோம். நிறைந்துபோனதும் இடித்து நிற்பதும் ஒரே சொல்லில் இருக்கிறது.

*

முட்டு நன்றாகத்தான் இருக்கிறது. எஞ்சின் "நாக்கிங்" உடன் குழம்பாதா?

*

அதற்குத் "தட்டல்" இருக்கிறது. தட்டல் ஓடும்போது கேட்கும் ஒலி, முட்டு ஓடாமல் நிற்கும் நிலை. வினையாகவும் வளைகிறது: "ஐந்தாம் சிலிண்டர் முட்டிக்கொண்டது." "நீரியல் பூட்டு அடைந்தது" என்பதை யார் வாயால் சொல்வார்கள்?

ஒரு திருத்தம் மட்டும். முட்டும் முன் உள்ள நிலைக்குத் தனிச்சொல் வேண்டும். எண்ணெய் இருக்கிறது, இன்னும் முட்டவில்லை. அதற்கு "தேக்கம்". தேக்கம் வழக்கமானது, முட்டு கோளாறு. கையேட்டில் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், சும்மா புகை விட்ட எஞ்சினுக்கும் சிலிண்டர் கழற்றச் சொல்வார்கள்.

*

அனைவருக்கும் நன்றி. பட்டியலை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"நிறுத்தும் முன் எஞ்சினை 1000 சுற்று அளவில் சிறிது நேரம் ஓடவிட்டு, திரும்பு பம்பு நடு உறையைக் காலிசெய்ய விடவும், தேக்கம் குறையும். கிளப்பும் முன் சுழலியை ஓடும் திசையில் கையால் சுற்றி இதழ்களை எண்ணவும். முட்டினால் நிறுத்தவும். தள்ளாதே. பின்னால் திருப்பாதே. ஸ்டார்ட்டரைத் தொடாதே. கீழ்ச் செருகிகளைக் கழற்றி வடிக்கவும்."

நடுவில் மூன்று வரி மட்டும் மரியாதை இல்லாமல் நிற்கிறது. தெரிந்தே விட்டிருக்கிறேன். "திரும்பு பம்பு" எனக்கே பிடிக்கவில்லை. எஞ்சினிலிருந்து எண்ணெயைத் தொட்டிக்கு இறைக்கும் பம்பு அது. "இறைவை" என்று வைக்கலாமா?