பார்கோடு சரியென்றால் மருந்தளவும் சரியா?

கேள்வி: குழந்தைகள் வார்டில் மாத்திரை, நோயாளியின் அடையாளக் கைப்பட்டை இரண்டையும் ஸ்கேன் செய்கிறோம். பச்சை வந்தால் அளவையும் நம்பலாமா?

பதில் 1: கூடாது. கணினியில் ஏறிய மருத்துவரின் மருந்து ஆர்டரோடு ஒத்துப்போகிறதா என்று மட்டுமே ஸ்கேனர் பார்க்கும். ஆர்டரே தப்பென்றால் அதற்குத் தெரியாது. 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் 38.6 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு வேண்டியது 160 மி.கி. டிரைமெத்தோபிரிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, ஒரே மாத்திரை. ஆனால் ஆர்டர் போடும் திரையில் அலகு 'மி.கி./கிலோ' (உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும்) என்றிருந்தது. 160 × 38.6 = 6,176 மி.கி., அதாவது முப்பத்தெட்டரை மாத்திரை! ஸ்கேனர் அத்தனையையும் ஏற்றுக்கொண்டது.

பதில் 2: அந்தச் சம்பவத்தில் கணினியில் அளவு மிகை என்ற எச்சரிக்கையும் வந்ததே. வீண் எச்சரிக்கைகளைத் தள்ளிப் பழகிய கை அதையும் தள்ளியது. ஒரு வேளைக்கான உச்ச அளவை மென்பொருளில் பூட்டச் சொல்லுங்கள்.

பதில் 3: ஒரு வேளைக்கு நாலைந்து மாத்திரைக்கு மேல் எண்ண நேர்ந்தால் நிறுத்திவிட்டு மருந்தகத்துக்குப் போன் போடுங்கள். நோயாளியின் கையில் உள்ளதை விட்டு, நகல் கைப்பட்டையை மேசையில் வைத்து ஸ்கேன் செய்யும் குறுக்குவழி இருந்தால், முதலில் அதை ஒழித்துக்கட்டுங்கள்.